வேலிக்கு இந்தப் பக்கம்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் தோட்டத்து வீடுகளில் ஒரு பேச்சு எழும். "இந்தத் தடவை எங்கே போகலாம்?" பத்துமலையா, கேமரன் மலையா, பினாங்குக் கொடிமலையா, போர்ட்டிக்சன் கடற்கரையா? நாலைந்து குடும்பங்கள் பணம் சேர்த்து ஒரு பேருந்தை வாடகைக்குப் பேசிவிடும். விடியுமுன் எழுந்து, புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு புறப்படுவார்கள். ஆண்டு முழுவதும் வெயிலிலும் மழையிலும் உழைக்கிற குடும்பத்துக்கு அந்த ஒரு நாள் மிக அவசியம். பிள்ளைகள் பல மாதங்கள் அதைப் பற்றியே பேசுவார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் வகுப்பில் பாதிப்பேர் அந்தப் பயணத்தைத்தான் எழுதுகிறார்கள்.

அப்படிப் போகும் இடங்களில் இரும்புக் கம்பித் தடுப்பு, சங்கிலி, கயிறு, சிவப்புக் கொடி, அறிவிப்புப் பலகை என்று பலவற்றைக் காண்கிறோம். அவை ஏன் அங்கே இருக்கின்றன, அவற்றைத் தாண்டினால் என்ன நேரும் என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

முதலில் நமக்கு நன்கு தெரிந்த ஓர் இடத்திலிருந்து தொடங்குவோம். செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர், நீண்ட கழியில் பூட்டிய அரிவாளை மேலே உயர்த்திவிட்டால் மரத்தடியில் யாரும் நிற்பதில்லை. அங்கே கம்பி வேலி கிடையாது, பலகையும் கிடையாது. ஆனாலும் எல்லாரும் விலகி நிற்கிறார்கள். இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள குலை உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். முள் நிறைந்த மட்டை எந்தப் பக்கம் சாயும் என்றும் தெரியும். ஆலையிலே சுழலும் பட்டைக்கு மேல் கம்பிவலை போட்டிருக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விடுவோர் உண்டா? இல்லை. அந்த வலை வருவதற்குமுன் விரலை இழந்தவர்களைப் பற்றி நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆக, தோட்டத்து மக்கள் எச்சரிக்கை இல்லாதவர்கள் அல்லர். வேலையிடத்தில் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது என்பதை அறிந்தவர்கள். அப்படியிருந்தும், அதே மக்கள் மலைக்கும் அருவிக்கும் போகும்போது தடுப்பைத் தாண்டிவிடுகிறார்களே, ஏன்?

இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, மகிழ்ச்சி. கவலை மறந்திருக்கும் மனத்துக்கு ஆபத்து ஞாபகம் வருவதில்லை. இரண்டாவது, பிறரைப் பார்த்துச் செய்வது. நமக்குமுன் இரண்டு பேர் கம்பிக்கு அப்பால் நின்று படம் எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பியிருப்பார்கள். 'அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று நாமும் காலைத் தூக்கி வைக்கிறோம். மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. அந்த இடம் நமக்குப் புதிது. செம்பனை மரத்தடியில் உள்ள ஆபத்து நம் கண்ணுக்குத் தெரிகிறது. அருவியோரத்தில் உள்ள ஆபத்தோ பார்த்த மாத்திரத்தில் தெரிவதில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

அருவியோரத்தில் நம் கண்ணுக்குத் தெரியாதவை எவை?

ஒன்று, பாறையின் வழுக்கல். அருவியைச் சுற்றி எப்போதும் நீர்த்திவலை பறந்துகொண்டே இருக்கும். அதனால் பாறைமேல் மெல்லிய பாசி படர்கிறது. வெயில் அடிக்கும்போது பாறை காய்ந்ததுபோலவே தோன்றும். கருமையாகத் தெரிவதைப் பாறையின் நிறம் என்றே நினைப்போம். அதன்மேல் தேய்ந்துபோன சிலிப்பரோடு கால் வைத்தால் பிடிப்பே இருக்காது. சரிவான பாறையில் ஒருமுறை சறுக்கத் தொடங்கிவிட்டால், கையால் பற்றிக்கொள்ள ஏதும் இல்லாதவரை உடல் தானாக நிற்காது.

இரண்டு, விளிம்பின் அடிப்பகுதி. மண் கரையாக இருந்தால் மழைநீர் அதன் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடுகிறது. மேல்பகுதி மட்டும் வீட்டுத் தாழ்வாரம்போல் நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே நிற்பவருக்குக் காலடியில் புல்லும் செடியும்தான் தெரியும்; கீழே வெறும் காற்று என்பது தெரியாது. எதிர்க்கரையிலிருந்து பார்த்தால்தான் உண்மை விளங்கும். தடுப்பு போடுகிறவர்கள் கீழேயிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்துவிட்டுத்தான் அதை எங்கே போடுவது என்று முடிவு செய்கிறார்கள். விளிம்பிலிருந்து பல அடி தள்ளிக் கம்பி போட்டிருப்பதைக் கண்டு, 'இவ்வளவு இடம் வீணாகக் கிடக்கிறதே' என்று எண்ணக்கூடாது.

மூன்று, உயரத்தின் வேகம். வளர்ந்த செம்பனை மரம் சுமார் 10 மீட்டர் உயரம் இருக்கும். அந்த உயரத்திலிருந்து விழும் எந்தப் பொருளும் ஒன்றரை விநாடிக்குள் தரையைத் தொட்டுவிடும். தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிள் சுவரில் மோதுவதைப் போன்றது அது. ஒன்றரை விநாடியில் "ஐயோ" என்று முழுதாகக் கத்தக்கூட முடியாது.

நேயர்களே, இதையெல்லாம் புத்தகத்தில் படித்திருந்தாலும் என் மனத்தில் ஆழமாகப் பதியச் செய்தது 2019-ஆம் ஆண்டில் நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சி. பேரா மாநிலத்து அருவி ஒன்றுக்குத் தோட்டத்துக் குடும்பங்களோடு சென்றிருந்தேன். எங்களோடு வந்தவர்களில் ஒருவர் 22 ஆண்டுகளாகக் குலை வெட்டி வருபவர். வேலையில் மிகவும் கவனமானவர். வெட்டும் மரத்தருகே ஒரு பிள்ளை ஓடினால் தோட்டமே கேட்கும்படி சத்தம் போடுவார்.

அருவியின் பக்கவாட்டில் ஒரு நடைபாதை; அதன் ஓரமாக இடுப்பளவு கம்பித் தடுப்பு. அந்த மனிதர் தம் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் தடுப்பின் அருகே நிறுத்தினார். பாதையில் நின்று எடுத்தால் குடும்பம் விழுகிறது, அருவி விழவில்லை. தடுப்புக்கு அப்பால் துருத்திக்கொண்டிருந்த பாறையில் நின்றால் இரண்டும் ஒரே படத்தில் வரும் என்று அவருக்குத் தோன்றியது. சற்றுமுன்தான் இரண்டு இளைஞர்கள் அங்கே நின்று படம் எடுத்துவிட்டு வந்திருந்தார்கள். இவரும் கம்பியைத் தாண்டினார். நடைபாதையின் மறுகோடியில் பிள்ளைகளோடு நின்றிருந்த நான் திரும்பிப் பார்த்தபோது, அவர் கைத்தொலைபேசியின் திரையில் கண்ணை வைத்தபடி பின்புறமாக ஓர் எட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கணம் அவரைக் காணவில்லை.

பாறையில் உட்கார்ந்த நிலையில் சறுக்கி, தம் உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தார். அங்கே பாறை இடுக்கில் நின்ற ஒரு சிமெண்டுக் கட்டையில் அவருடைய வலது கால் தட்டி நின்றது. அதற்குக் கீழே நான்கு மாடி உயரத்துக்குப் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை, பாறையும் நீரும்தான். கைத்தொலைபேசி விழுந்த சத்தம்கூட மேலே கேட்கவில்லை.

பேருந்து ஓட்டுநர்தான் முதலில் நிதானத்துக்கு வந்தார். "அண்ணே, அசையாதீங்க! கீழே பார்க்காதீங்க!" என்று கத்தினார். மூன்று கைலிகளை முறுக்கி முடிச்சுப் போட்டு, ஒரு முனையைக் கம்பித் தூணில் கட்டினார்கள். ஓட்டுநர் குப்புறப் படுத்து மறுமுனையை இறக்கினார். அவருடைய கால்களைத் தடுப்புக்கு உள்ளே இருந்தபடி இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அந்த மனிதர் கைலியைக் கையில் சுற்றிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக மேலே வந்து சேரப் பத்து நிமிடம் ஆயிற்று. முழங்காலிலும் முதுகிலும் சிராய்ப்பு; வேறு காயமில்லை.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் இன்னொன்றும் நடந்தது. அப்பா போன வழியே போக எண்ணி, அவருடைய ஆறு வயது மகன் கம்பிகளுக்கு நடுவே தலையையும் ஒரு காலையும் நுழைத்துவிட்டான். எல்லாருடைய கண்ணும் பாறைமேல் இருந்தது. பாட்டி ஒருவர் மட்டும் பார்த்து, சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவர் பார்த்திராவிட்டால், தந்தையைக் காப்பாற்றிய அதே நேரத்தில் மகனை இழந்திருப்போம்.

பக்கத்தில் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் பிறகு அந்தச் சிமெண்டுக் கட்டையைப் பற்றிச் சொன்னார். அது பழைய தடுப்பின் தூணாம். முன்பு நடைபாதை அதுவரை இருந்திருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் கரை சரிந்து, தடுப்பும் அதோடு போய்விட்டது. அதன் பிறகுதான் புதிய தடுப்பை உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அந்த மனிதர் படம் எடுக்க நின்ற இடம் ஏற்கெனவே ஒருமுறை இடிந்த இடத்தின் மிச்சம். புதிய தடுப்புக்கு அது தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை.

வீடு திரும்பும்போது பேருந்தில் யாரும் பாட்டுப் போடவில்லை. வெகுநேரம் பேசாமல் இருந்த அவருடைய மனைவி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வெட்டுற மரத்தடியில பிள்ளையை நிற்க விடமாட்டீங்களே, இங்கே மட்டும் நீங்க எப்படிங்க நின்னீங்க?" அவர் பதில் சொல்லவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். வேலையிடத்தில் 22 ஆண்டுகள் காட்டிய கவனம் விடுமுறை நாளில் ஒரு நிமிடம் விலகியிருந்தது, அவ்வளவுதான்.

இனி, நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருவிக்கரையிலும் ஆற்றோரத்திலும் கயிறு கட்டியிருந்தால், அது பெரும்பாலும் நீரின் வேகத்தைக் கருதிக் கட்டப்பட்டது. ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோ. நீரோட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அது நம் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. வேகமாக ஓடும் நீர் கணுக்காலுக்குச் சற்று மேலே, 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த ஆளைத் தடுமாறி விழச் செய்துவிடும். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயேர்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நேராகச் சொன்னால் 'தண்ணீரின் தலை'. மலை உச்சியில் கனமழை பெய்கிறது. விழுந்த மரங்களும் கட்டைகளும் ஓடையை அடைத்துக்கொள்ள, நீர் பின்னால் தேங்குகிறது. அடைப்பு உடைந்ததும் கல், மண், மரம் எல்லாவற்றையும் புரட்டிக்கொண்டு ஒரே அலையாக இறங்குகிறது. கீழே நாம் குளிக்கும் இடத்தில் அப்போது வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். அதுதான் இதில் உள்ள பெரிய ஏமாற்று.

2021 ஆகஸ்ட் 18-ஆம் நாள், கெடா மாநிலம் யான் வட்டாரத்தில் இது நடந்தது. 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் மலையில் பெய்த கனமழை, சேற்றையும் மரக்கட்டைகளையும் அள்ளிக்கொண்டு மலையடிவாரக் குடியிருப்புகளுக்குள் பாய்ந்தது. ஆறு பேர் மாண்டனர். வீடுகளையே தாக்கும் வலிமை அந்த வெள்ளத்துக்கு இருந்தது என்றால், ஓடையின் நடுவே பாறையில் உட்கார்ந்து சோறு உண்பவரின் கதி என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

எனவே அருவியில் குளிக்கும்போது சில அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலும், இலையும் குச்சியும் அதிகமாக மிதந்து வந்தாலும், நீர்மட்டம் ஏறினாலும், மேலேயிருந்து இரைச்சல் கேட்டாலும், மலை உச்சியில் கருமேகம் சூழ்ந்தாலும், உடனே கரையேறி மேடான இடத்துக்குப் போய்விடுங்கள். பாய், பாத்திரம், செருப்பு எதையும் எடுக்க நிற்காதீர்கள். எதிர்க்கரையில் இருப்பவர்கள் ஓடையைக் கடந்து வர முயலக் கூடாது; அந்தப் பக்கத்திலேயே மேட்டில் ஏறி நிற்கட்டும். காவலர் வந்து "போதும், எழுந்திருங்கள்" என்று சொன்னால், "இன்னும் ஐந்து நிமிடம்" என்று கெஞ்சாதீர்கள்.

தடுப்புகளில் இன்னொரு வகையும் உண்டு. கூட்டத்தை அளவோடு உள்ளே விடுவதற்காகச் சங்கிலியை இழுத்துப் பிடிப்பார்கள். அப்போது நமக்குக் கோபம் வருகிறது. வரிசையை முந்தவும் சிலர் பார்க்கிறார்கள். 1988 ஜூலை 31-ஆம் நாளை வயதில் மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று விழாவுக்காகப் பினாங்குத் தீவுக்குச் செல்லப் பெருங்கூட்டம் பட்டர்வொர்த் ஃபெரித் துறையில் காத்திருந்தது. துறையின் மேல்தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அங்கே நின்ற பயணிகள்மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் ஒரு தளம், ஒரு பாலம், ஒரு படிக்கட்டு இத்தனை பேரைத்தான் தாங்கும் என்ற கணக்கு உண்மையானது என்பதை அந்த நாள் நாட்டுக்கே காட்டியது. தொங்கு பாலத்தில் 'ஒரே நேரத்தில் இத்தனை பேர்' என்று எழுதியிருந்தால், நமக்கு அடுத்து வருபவர் காத்திருக்கட்டும் என்று சொல்ல நாம் தயங்கக் கூடாது. பத்துமலையின் 272 படிகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதானே ஏறுகிறோம்? அங்கே கம்பி நம் பக்திக்குத் தடையாக இருப்பதாக யாரும் சொல்வதில்லை. மற்ற இடங்களிலும் அப்படியே எண்ணிக்கொள்ளலாம்.

இனி, பயணம் புறப்படுமுன் நீங்கள் செய்யக்கூடிய சில காரியங்கள்.

அறிவிப்புப் பலகைகள் மலாய் மொழியில் இருக்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் சிலருக்கு அதைப் படிக்க வராது. 'அவாஸ்' என்றால் எச்சரிக்கை. 'பஹாயா' என்றால் ஆபத்து. 'டிலாராங் மாசுக்' என்றால் உள்ளே போகக் கூடாது. 'டிலாராங் மண்டி' என்றால் குளிக்கக் கூடாது. 'டித்துத்துப்' என்றால் மூடப்பட்டிருக்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள்: போகிற இடத்தில் உள்ள ஒவ்வொரு பலகையையும் சத்தமாகப் படித்துத் தாத்தா பாட்டிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு அது பெருமை. குடும்பத்துக்கு அது காவல். தன் வாயால் "போகக் கூடாது" என்று படித்த பிள்ளை, தானே அதைத் தாண்டாது.

கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தால் கடல் அமைதியாகத் தோன்றினாலும் இறங்காதீர்கள். அருவிக்குப் போகும்போது தேய்ந்த சிலிப்பரை விட்டுவிட்டு, பிடிப்புள்ள காலணியை அணியுங்கள். படம் எடுப்பவர் நடக்கக் கூடாது. நடப்பவர் படம் எடுக்கக் கூடாது. சிறு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று முன்கூட்டியே பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் கடைசியில் யாருமே பார்ப்பதில்லை.

யாராவது நீரில் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். நீச்சல் தெரிந்தவர்கள்கூட அப்படிக் குதித்து மாண்டிருக்கிறார்கள். கரையில் படுத்துக்கொண்டு கழியையோ முறுக்கிய துணியையோ நீட்டுங்கள். காலித் தண்ணீர்ப் போத்தலை மூடிக் கயிற்றில் கட்டி எறிந்தால், அது மிதக்கும், பிடித்துக்கொள்ளலாம். உடனே 999 என்ற எண்ணை அழைத்து, இருக்கும் இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். காட்டுப் பகுதியில் கைத்தொலைபேசி வேலை செய்யாமல் போகலாம். அதனால் எந்த இடம்வரை தொடர்பு கிடைக்கிறது என்பதை வரும் வழியிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இன்னும் ஒன்று. தடுப்பு உடைந்திருந்தால் வழி திறந்துவிட்டது என்று பொருளல்ல. உடைந்த இடத்தில்தான் ஆபத்து அதிகம். அங்குள்ள பணியாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். நமக்குப் பின்னால் வருகிற முகம் தெரியாத குடும்பம் ஒன்றுக்கு நாம் செய்யும் உதவி அது.

பெற்றோர்களே, நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது பாதிதான் அவர்கள் காதில் ஏறும். நாம் செய்வது முழுவதும் அவர்கள் கண்ணில் ஏறிவிடும். நாம் ஒருமுறை கம்பியைத் தாண்டினால், கம்பி தாண்டுவதற்கு உரியது என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. நாம் இந்தப் பக்கமே நின்று, "படத்தில் அருவி பாதி விழுந்தால் போதும்" என்று சொன்னால், அதையும் கற்றுக்கொள்கிறது. பாதி அருவியும் முழுக் குடும்பமும் உள்ள படத்தை வீட்டுச் சுவரில் மாட்டி வையுங்கள். பார்க்க அது எந்த விதத்திலும் குறைவாக இராது.

வரும் விடுமுறைக்கு மகிழ்ச்சியாகப் போய், எல்லாரும் சேர்ந்து வீடு வந்து சேருங்கள் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.